கண்ணாடி மீன் தொட்டியில் துளை போட்டு ஓவர்ஃபுளோ அமைப்பது எப்படி?

தொட்டிக்குக் கீழே ஒரு சம்ப் (மேலிருந்து வழியும் தண்ணீர் சேரும் இன்னொரு தொட்டி; அங்கிருந்து ஒரு மோட்டார் தண்ணீரை மறுபடி மேலே ஏற்றும்) வைத்துவிட்டால் பல தலைவலிகள் ஒரேயடியாகத் தீரும். ஹீட்டர், ஃபில்டர் பஞ்சு எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் கீழே போய்விடும். தண்ணீரின் மேல் படியும் எண்ணெய்ப் படலம் தங்காது, ஏனென்றால் மேல்மட்டத் தண்ணீர்தான் முதலில் வழிந்து இறங்குகிறது. தண்ணீர் ஆவியாகிக் குறைந்தாலும் அந்தக் குறைவு சம்பில் மட்டும் தெரியும். மேல் தொட்டியில் மட்டம் அப்படியே நிற்கும்.

மேல் தொட்டியிலிருந்து தண்ணீர் தானாகக் கீழே இறங்க ஒரு வழி வேண்டும். அதுதான் ஓவர்ஃபுளோ. தொட்டி விளிம்பில் மாட்டும் யூ வடிவக் குழாய் ஓவர்ஃபுளோக்கள் இருக்கின்றன. ஆனால் அவை சைஃபனை, அதாவது காற்றில்லாமல் நிறைந்த குழாய் தண்ணீரைத் தானே இழுத்து இறக்குவதை, நம்பி ஓடுபவை. குழாயின் உச்சியில் காற்று சேர்ந்து சைஃபன் அறுந்தால் தண்ணீர் இறங்குவது நின்றுவிடும். கீழே மோட்டார் மட்டும் தொடர்ந்து ஏற்றிக்கொண்டிருக்கும், வீடெல்லாம் தண்ணீர். கண்ணாடியில் துளை போட்டு அமைத்த ஓவர்ஃபுளோவில் இந்தப் பயம் இல்லை. தண்ணீர் மட்டம் உயர்ந்தால் வழிந்துதான் ஆக வேண்டும்.

துளை போடுவது என்றதும் எல்லோருக்கும் வயிறு கலங்கும். ஆனால் ஒரு துளை போடும் வேலை கால் மணி நேரம்தான். சரியான கண்ணாடி, சரியான பிட், நிறையத் தண்ணீர், அழுத்தாத கை. இவை இருந்தால் கண்ணாடி உடைவது அபூர்வம். முதல் முறை செய்பவர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய திட்டத்திலும், அதற்குப் பின்னால் செய்ய வேண்டிய சோதனையிலும்தான். அதனால் அந்த இரண்டுக்கும் இங்கே கூடுதல் இடம் தருகிறேன்.

முதலில் கண்ணாடியைப் பாருங்கள்

டஃபன்டு கண்ணாடியில் துளை போடவே முடியாது. அது தயாராகும்போதே சூடாக்கி வேகமாகக் குளிரவைக்கப்பட்டது. மேற்பரப்பு உள்நோக்கி இறுகியும் நடுப்பகுதி வெளிநோக்கி இழுபட்டும் ஒரு சமநிலையில் நிற்கிறது. பிட் மேற்பரப்பைத் தாண்டி உள்ளே போன கணமே அந்தச் சமநிலை குலைந்து, முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். எவ்வளவு பொறுமையாகச் செய்தாலும் இதுதான் நடக்கும்.

கடையில் ரெடிமேடாக வரும் தொட்டிகள் பலவற்றில் அடிக்கண்ணாடி மட்டும் டஃபன்டாக இருக்கும், பக்கக் கண்ணாடிகள் சாதாரணக் கண்ணாடியாக இருக்கும். எல்லாப் பக்கமும் டஃபன்டாக வருவதும் உண்டு. கண்ணாடியின் மூலையில் ஒரு சின்ன முத்திரை பொறித்திருந்தால் டஃபன்டு என்று புரிந்துகொள்ளலாம். முத்திரை இல்லை என்பதற்காகச் சாதாரணக் கண்ணாடி என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

வீட்டிலேயே சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒன்றும், எல்சிடி திரை உள்ள லேப்டாப் அல்லது மானிட்டர் ஒன்றும் போதும். திரையில் முழு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, சோதிக்க வேண்டிய கண்ணாடிக்குப் பின்னால் வையுங்கள். கூலிங் கிளாஸைக் கண்ணுக்கு முன் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் திரை கறுத்துப்போகும். அந்த நிலையில் கண்ணாடி வழியாகத் தெரியும் பகுதியும் ஒரே சீராகக் கறுப்பாக இருந்தால் அது சாதாரணக் கண்ணாடி. புள்ளி புள்ளியாக, பட்டை பட்டையாக, திட்டுத் திட்டாக வெளிச்சம் தெரிந்தால் டஃபன்டு. ஒரு நேரத்தில் ஒரு கண்ணாடி வழியாக மட்டும் பாருங்கள்; முன், பின் இரண்டையும் ஊடுருவிப் பார்த்தால் எதில் திட்டு இருக்கிறது என்று குழப்பம் வரும். துளை போடப்போகும் பக்கத்தை மட்டும் சோதித்தால் போதும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் தொட்டி செய்தவரிடம் கேளுங்கள். புதிதாகத் தொட்டி செய்யச் சொல்லப்போகிறீர்கள் என்றால் துளையையும் அவரிடமே போட்டு வாங்கிவிடுவது நல்லது. ஒட்டுவதற்கு முன் தனிக் கண்ணாடியாக மேசையில் வைத்துத் துளை போடுவது அவருக்குச் சுலபம், உடைந்தாலும் பொறுப்பு அவருடையது.

6 மி.மீ.க்குக் குறைவான கண்ணாடி உள்ள சிறு தொட்டியை முதல் முயற்சிக்கு எடுக்காதீர்கள். 8, 10, 12 மி.மீ. கண்ணாடிகள் நேரம் அதிகம் எடுக்கும், ஆனால் கையின் சிறு தடுமாற்றத்தைத் தாங்கும்.

எங்கே, எத்தனை துளை?

பின்பக்கக் கண்ணாடியின் மேல்பகுதியில் போடுவதைத்தான் புதியவர்களுக்குச் சொல்வேன். அடியில் துளை போட்டால், அந்த இணைப்பு என்றாவது கசிந்தால் தொட்டித் தண்ணீர் முழுவதும் இறங்கிவிடும். மேலே போட்ட துளை கசிந்தால் துளையின் மட்டம் வரைதான் இறங்கும், மீன்கள் பிழைத்துக்கொள்ளும்.

துளைகள் இரண்டு வேண்டும். ஒன்று போதாது. இதில் மட்டும் எந்தச் சமாதானமும் செய்துகொள்ளாதீர்கள். ஒரு இலை, ஒரு நத்தை, பாசித் திரள், ஏன், ஒரு சின்ன மீனே போதும் ஒரு குழாயை அடைக்க. இரண்டாவது குழாய் சாதாரண நாட்களில் சும்மா இருக்கும். முதல் குழாய் அடைபட்ட அன்று வீட்டைக் காப்பாற்றுவது அதுதான். ஒரு தொட்டியில் ஒரு துளை போடும் துணிச்சல் வந்துவிட்டால் இரண்டாவது துளைக்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு டேங்க் நிப்பிளும் (துளையில் பைப்பைக் கசியாமல் பொருத்தும் துண்டு) கொஞ்சம் பைப்பும் மட்டுமே.

இரண்டு குழாய் கொண்ட இந்த முறைக்கு ஹெர்பி முறை என்று பெயர். முதன்மைக் குழாயில் ஒரு கேட் வால்வ் வைத்து, குழாய் முழுக்கத் தண்ணீராக, காற்றே கலக்காமல் ஓடும்படி திருகிவிடுவார்கள். காற்று இல்லாததால் களகளவென்ற சத்தமும் இருக்காது. இரண்டாவது குழாய் அவசரத்துக்கு. மூன்று குழாய் வைப்பதை பீன் அனிமல் முறை என்பார்கள்: ஒன்று முழு சைஃபன், ஒன்று காற்றும் தண்ணீரும் கலந்து மீதத்தை எடுப்பது, ஒன்று காய்ந்த அவசரக் குழாய். பெரிய தொட்டிக்கு அதுதான் இன்னும் பத்திரம். ஒரே குழாயின் மேல் மூடியில் காற்றுத் துளை வைத்துச் செய்யும் டர்சோ முறையும் உண்டு, ஆனால் அதில் மாற்று வழி கிடையாது.

இனி அளவு. டேங்க் நிப்பிளை (பல்க்ஹெட் என்றும் கேட்டு வாங்கலாம்) முதலில் வாங்குங்கள், பிட்டை அப்புறம் வாங்குங்கள். நிப்பிளின் பெயரில் உள்ள அளவு உள்ளே போகும் பைப்பின் அளவு. துளை அதைவிடப் பெரிதாக வேண்டும். 1 அங்குல நிப்பிளுக்கு 45 மி.மீ. அளவுத் துளை தேவைப்படுவது சாதாரணம், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வெர்னியர் காலிப்பரால் மரையின் வெளிவிட்டத்தை அளந்து, அதைவிட 1 முதல் 2 மி.மீ. பெரிய பிட்டாகத் தேர்ந்தெடுங்கள். இழுத்துப் பிடித்தாற்போல் நுழையும் நிப்பிள் கண்ணாடிக்கு ஆகாது. துளையைச் சுற்றி மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும். பிளாஸ்டிக் நிப்பிள் மட்டும் வாங்குங்கள். பித்தளையில் செம்பு இருக்கிறது. அது தண்ணீரில் இறங்கினால் இறாலும் பவளமும் தாங்காது.

1 அங்குலக் குழாய் ஒன்று சாதாரண வழிதலில் மணிக்கு சுமார் 2,000 லிட்டர் எடுக்கும். முழு சைஃபனாக ஓடினால் இதைவிட அதிகம். 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் உள்ள தொட்டியில் விளிம்பு வரை 243 லிட்டர் பிடிக்கும். மணிக்கு 4, 5 முறை தண்ணீர் சுற்றி வந்தால் போதுமானது, அதாவது ஏறக்குறைய 1,000 முதல் 1,200 லிட்டர். அவசரக் குழாய் தனியாகவே இந்த முழு ஓட்டத்தையும் எடுக்க வேண்டும் என்பதால் இரண்டும் 1 அங்குலமாக இருக்கட்டும். ஒன்றைச் சிறிதாக வைப்பதில் பிரயோஜனம் இல்லை.

துளைக்கும் கண்ணாடி விளிம்புக்கும் நடுவே குறைந்தது ஒரு துளை விட்டம் அளவு கண்ணாடி மிச்சம் இருக்க வேண்டும். இரண்டு துளைகளுக்கு நடுவிலும் அதே கணக்குதான். 45 மி.மீ. துளை என்றால் மையப்புள்ளி விளிம்பிலிருந்து குறைந்தது 67.5 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். நான் 80 மி.மீ. வைக்கச் சொல்வேன். இரண்டு மையங்களுக்கு நடுவே குறைந்தது 90 மி.மீ., ஆனால் நட்டைத் திருகக் கை நுழைய வேண்டும், எல்போ திரும்ப வேண்டும் என்பதால் 100 அல்லது 110 வையுங்கள். தொட்டியின் மேல்விளிம்பில் குறுக்குக் கண்ணாடிப் பட்டை ஒட்டியிருந்தால் அதற்கு இடிக்காமல் நிப்பிளின் நட் உட்காருமா என்று பாருங்கள். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே எல்போவும் பைப்பும் அடங்க 12, 15 செ.மீ. இடைவெளி இருக்கிறதா என்பதையும் இப்போதே அளந்துவிடுங்கள். தண்ணீர் நிரப்பிய பின் தொட்டியை நகர்த்த முடியாது.

தேவையான சாமான்கள்

வைரத்தூள் பூசிய ஹோல்சா பிட், அதாவது உள்ளே கூடாக, நடுவில் ஊசி இல்லாமல் இருப்பது. ஓடு, மார்பிள், கண்ணாடி மூன்றுக்கும் இதுதான். மரத்துக்கான பல் வைத்த ஹோல்சாவைக் கண்ணாடி பக்கமே கொண்டுபோகக் கூடாது. இரண்டு துளைக்கு ஒரு பிட் தாராளமாகப் போதும்.

டிரில் மெஷின் பேட்டரியில் ஓடுவதாக இருந்தால் நல்லது. வேலை முழுவதும் தண்ணீருக்கு நடுவே நடக்கிறது, வயர் உள்ள மெஷினில் ஒரு சிதறல் போதும் ஷாக் அடிக்க. வயர் மெஷின்தான் இருக்கிறது என்றால் மின்கசிவு ஏற்பட்டால் தானே அறுந்துவிடும் ஆர்சிடி உள்ள இணைப்பில் மட்டும் போடுங்கள். ஹாமர் மோடு கண்டிப்பாக அணைந்திருக்க வேண்டும். இதைத் தொடங்கும் முன் ஒரு முறை, இரண்டாவது துளைக்கு முன் இன்னொரு முறை பாருங்கள்.

மற்றவை: மாஸ்கிங் டேப், பிளைவுட் துண்டு இரண்டு, மாடலிங் களிமண், தண்ணீர் உள்ள ஸ்ப்ரே பாட்டில், தெர்மாகோல் ஷீட் அல்லது தடித்த ஃபோம், பழைய துண்டுகள், கண்ணாடிக்கு ஏற்ற 220, 400 நம்பர் வாட்டர் உப்புத்தாள். கண்ணுக்கு மூடிய கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க், கைக்கு ரப்பர் கையுறை. ஈரத்தில் தூள் பறக்காது, ஆனால் காய்ந்த பின் பறக்கும். மாஸ்க் அப்போதுதான் உதவும்.

உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்று கிடைத்தால் அதில் முதலில் ஒரு துளை போட்டுப் பாருங்கள். எத்தனை மெதுவாகப் போக வேண்டும், சத்தம் எப்படி மாறும் என்பதைக் கை தானே கற்றுக்கொள்ளும். எவ்வளவு விளக்கிச் சொன்னாலும் இந்த ஒரு துளைக்கு ஈடாகாது.

துளை போடும் நாள்

தொட்டி முழுக்கக் காலியாக, காய்ந்து இருக்க வேண்டும். முன்பக்கக் கண்ணாடி கீழே, பின்பக்கக் கண்ணாடி மேலே வரும்படி தொட்டியைத் தெர்மாகோல் மேல் படுக்கவையுங்கள். தரை சமமாக இருக்க வேண்டும். ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றால் கண்ணாடியில் முறுக்கு விழும், அந்த முறுக்கோடு துளை போட்டால் விரிசல் ஓடும். தொட்டிக்குள் முன்பக்கக் கண்ணாடியின் மேல் தடிமனாகத் துண்டையோ ஃபோமையோ விரித்துவிடுங்கள். வெட்டுப்பட்ட வட்டத் துண்டு கடைசியில் உள்ளே விழும். 10 மி.மீ. கண்ணாடியில் அந்த வட்டம் சிறிதாக இருந்தாலும் கனமானது, கீழே உள்ள கண்ணாடியில் மூலைப்பட விழுந்தால் அதையும் உடைத்துவிடும். பலர் மறப்பது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

மையங்களை மார்க்கரால் குறியுங்கள். உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டிலும் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுங்கள். பிட் வெளியேறும் பக்கத்தில்தான் கண்ணாடி செதில் செதிலாகப் பெயரும். உள்பக்க டேப் அதைக் குறைக்கும், வட்டத் துண்டையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். உள்பக்கத்தில் ஒரு பிளைவுட் துண்டை வைத்து, மேல்விளிம்பு வழியாக சி கிளாம்ப் போட்டு லேசாகப் பிடித்துவிட்டால் இன்னும் நல்லது. கிளாம்பின் வாய் கண்ணாடியை நேரடியாகத் தொடாமல் ரப்பரோ துணியோ இடையில் வையுங்கள்.

அடுத்த பிரச்சினை, பிட் வழுக்கும். நடுவில் ஊசி இல்லாததால் வழவழப்பான கண்ணாடியில் அது ஓடி விளையாடும், கீறல் போடும். இதற்கு இன்னொரு பிளைவுட் துண்டில், மர வேலைக்கான ஹோல்சாவால், அதே அளவில் துளை போட்டு வழிகாட்டி அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். அதை இரட்டைப் பக்க டேப்பால் குறித்த இடத்தில் ஒட்டி, ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் அடித்துக்கொண்டே அதற்குள் பிட்டை இறக்குங்கள். கண்ணாடியில் 1 மி.மீ. ஆழத்துக்கு வட்டக் கோடு விழுந்ததும் அச்சை எடுத்துவிடலாம். பிட் இனி அந்தத் தடத்திலேயே நிற்கும். அச்சு இல்லாதவர்கள் பிட்டை 45 டிகிரி சாய்த்துப் பிடித்து, முதலில் பிறை வடிவத்தில் ஒரு தடம் போட்டு, மெதுவாக நிமிர்த்திக்கொண்டே வருவார்கள். பழகிய கைக்கு அது சுலபம், முதல் முறைக்கு அச்சுதான் சரி.

அச்சை எடுத்ததும் களிமண்ணை உருட்டி, துளை வரும் இடத்தைச் சுற்றிக் கிணற்றுச் சுவர் மாதிரி ஒரு வளையம் கட்டுங்கள். அதற்குள் 1 செ.மீ. உயரம் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் இரண்டு வேலை செய்கிறது: சூட்டைத் தணிக்கிறது, வெட்டிய தூளை வெளியே கொண்டுவருகிறது. காய்ந்த கண்ணாடியில் பிட் சில நொடி சுழன்றாலே அந்த இடம் மட்டும் சூடேறி விரிசல் விடும்.

இனி டிரில். குறைந்த கியர், குறைந்த வேகம்: 45 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 300 முதல் 600 சுற்று போதும். மெஷினைச் செங்குத்தாகப் பிடித்து, அதன் சொந்தக் கனத்தை மட்டும் பிட்டின் மேல் விடுங்கள். உங்கள் கை மெஷினைச் சாயாமல் நிறுத்துவதற்கு மட்டும்தான். தோளும் முழங்கையும் உள்ளே தள்ள ஆரம்பித்துவிட்டதா என்று அவ்வப்போது கவனியுங்கள். நேரம் ஆக ஆக நம்மையறியாமல் அழுத்துவோம்.

20, 30 நொடிக்கு ஒரு முறை பிட்டைச் சற்றுத் தூக்குங்கள். தடத்துக்குள் புதுத் தண்ணீர் இறங்கும். கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். அதுதான் வெட்டுப்பட்ட கண்ணாடித் தூள். வெளுப்பு வந்தால் பிட் வேலை செய்கிறது என்று அர்த்தம். கெட்டியாகிவிட்டால் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். வெளுப்பே வரவில்லை, பிட் வெறுமனே வழுக்கிச் சுற்றுகிறது என்றால் அதன் முனை மழுங்கி மெழுகேறிவிட்டது. ஒரு செங்கல்லை நனைத்து, அதில் சில நொடி ஓட்டினால் மறுபடி வெட்ட ஆரம்பிக்கும். அதை விட்டுவிட்டு அழுத்திப் பார்க்காதீர்கள்.

10 மி.மீ. கண்ணாடிக்கு ஒரு துளை 8 முதல் 15 நிமிடம் எடுக்கலாம். முடிவு நெருங்கும்போது சத்தம் மாறும். அதுவரை கரகரவென்று அடர்த்தியாக இருந்தது, சற்று உள்ளீடற்ற, கூர்மையான ஒலியாகும். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் தடத்தின் அடியில் மிச்சம் இருக்கும் கண்ணாடி மெல்லிய கோடாகத் தெரியும். இந்த இடத்தில்தான் எல்லாத் துளையும் கெட்டுப்போகிறது. கடைசி 1, 2 மி.மீ.க்கு மெஷினின் கனத்தைக்கூட முழுதாக விடாமல், நீங்கள் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் வெட்டு முடிந்து தண்ணீர் கீழே இறங்க ஆரம்பிக்கும். பதறி நிறுத்த வேண்டாம், ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் அடிக்க ஒருவர் பக்கத்தில் இருந்தால் அதே மெதுவான வேகத்தில் சுற்றி முடித்துவிடலாம். துண்டு விழுந்ததும் சுழற்சி முழுதாக நின்ற பிறகு பிட்டை நேராக வெளியே எடுங்கள். பிட்டுக்குள்ளேயே துண்டு மாட்டியிருந்தால் மெஷினிலிருந்து கழற்றி, பின்பக்கத் துவாரம் வழியாக ஒரு குச்சியால் தள்ளினால் வந்துவிடும்.

துளை போட்டதும்

கையால் தடவிப் பார்க்காதீர்கள். விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சிராய்கள் இருக்கும். தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, வெள்ளைக் குழம்பைப் பேப்பர் துண்டால் ஒற்றி எடுத்துக் குப்பையில் போடுங்கள். காயவிட்டுப் பெருக்கினால் தூள் காற்றில் கலக்கும்.

அப்புறம் உப்புத்தாளை நனைத்து, முதலில் 220, பின் 400 என்று இரண்டு பக்க விளிம்பையும் லேசாக உரசிக் கூர்மையை எடுத்துவிடுங்கள். கை வெட்டாமல் இருக்க மட்டும் இல்லை இது. பிட் விட்டுச்சென்ற நுண்விரிசல்களிலிருந்துதான் பிற்காலத்தில் பெரிய விரிசல் புறப்படும். அவற்றைத் தேய்த்து எடுப்பது துளைக்கு ஆயுள் கூட்டும்.

உள்பக்கத்தில் 1, 2 மி.மீ. அளவுக்குச் செதில் பெயர்ந்திருந்தால் கவலை இல்லை, ரப்பர் வாஷரின் அகலம் அதை மூடிவிடும். வாஷரையும் தாண்டிச் செதில் போயிருந்தாலோ, துளையிலிருந்து மயிரிழை போல ஒரு கோடு வெளியே ஓடியிருந்தாலோ அந்தக் கண்ணாடியை இனி நம்ப முடியாது. சிலிகான் தடவி ஒப்பேற்றப் பார்க்காதீர்கள். தண்ணீரின் அழுத்தத்தில் அந்தக் கோடு வளரும். கண்ணாடியை மாற்றுவதுதான் வழி.

நிப்பிள் மாட்டுவது

துளையைச் சுற்றி இரண்டு பக்கமும் துடைத்துக் காயவிடுங்கள். நிப்பிளின் அகன்ற தலையும் ரப்பர் வாஷரும் தொட்டியின் உள்பக்கம், நட் வெளிப்பக்கம். தண்ணீர் இருக்கும் பக்கத்தில்தான் வாஷர் இருக்க வேண்டும். வாஷருக்குச் சிலிகான் தேவையில்லை. அது வாஷரை வழுக்க வைத்து நட்டை இறுக்கும்போது நகர்த்திவிடும், பின்னால் கழற்றவும் விடாது. நட்டைக் கையால் இறுகும் வரை திருகி, அதற்கு மேல் கால் சுற்று மட்டும். சில நிப்பிள்களில் மரை இடது பக்கமாக இருக்கும். திரும்பவில்லை என்றால் பலவந்தம் செய்யும் முன் மரையைப் பாருங்கள். ரெஞ்ச் போட்டு முறுக்கி உடைந்த கண்ணாடிகள் டிரில்லில் உடைந்தவற்றைவிடக் குறைவில்லை.

பைப்பின் கனம் நிப்பிளில் தொங்கக் கூடாது. கீழே இறங்கும் பைப்பை ஸ்டாண்டில் கிளாம்ப் போட்டுத் தாங்குங்கள். நிப்பிளுக்கு அடுத்து ஒரு யூனியன் (திருகிக் கழற்றி மாட்டக்கூடிய பைப் இணைப்பு) வைத்துக்கொண்டால், சுத்தம் செய்யும்போது ஒட்டிய பைப்பை அறுக்க வேண்டியிருக்காது.

தொட்டிக்குள், இரண்டு நிப்பிளையும் மூடும்படி ஒரு பெட்டி வேண்டும். 5 மி.மீ. கண்ணாடியிலேயே செய்து சிலிகானால் ஒட்டலாம். அக்ரிலிக்கில் சிலிகான் சரியாகப் பிடிக்காது என்பதால் ஒட்டும் பெட்டிக்கு அதைத் தவிருங்கள். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத, மீன் தொட்டிக்கென்று சொல்லி விற்கும் சிலிகானைத்தான் வாங்க வேண்டும்; ஒட்டியபின் புளித்த வாடை முழுதாகப் போகும் வரை காயவிடுங்கள், 48 மணி நேரமாவது. பெட்டியின் மேல்விளிம்புதான் தொட்டியின் நீர்மட்டத்தை முடிவு செய்கிறது. தொட்டி விளிம்பிலிருந்து 4 செ.மீ. கீழே ஓடும் நீர்மட்டம் இருக்கும்படி அமைத்தால் நல்லது. வழியும் விளிம்பின் 1 செ.மீ. நீளத்துக்கு மணிக்கு சுமார் 100 லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம், 30 செ.மீ. பெட்டி என்றால் நம் 1,200 லிட்டருக்குத் தாராளம். மீன்கள் உள்ளே போகாமல் இருக்க விளிம்பில் சீப்புப் பல் வேண்டும், ஆனால் பற்கள் வழியும் நீளத்தைக் குறைக்கும் என்பதால் பெட்டியை அதற்கேற்ப நீட்டிக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் முதன்மைக் குழாயின் எல்போ கீழ்நோக்கி, எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கி இருக்கட்டும். அவசரக் குழாயின் எல்போ மேல்நோக்கி, அதன் வாய் பெட்டியின் வழக்கமான நீர்மட்டத்துக்குச் சில செ.மீ. மேலேயும் பெட்டி விளிம்புக்குக் கீழேயும் நிற்கட்டும். சம்பில் முதன்மைக் குழாயின் நுனி தண்ணீருக்குள் 2, 3 செ.மீ. மட்டும் இறங்கினால் போதும். ஆழமாக இறக்கினால் குழாய்க்குள் சிக்கும் காற்று வெளியேற முடியாமல் சைஃபன் தொடங்கவே தொடங்காது.

சம்பின் கணக்கு

மின்சாரம் போனால் மோட்டார் நிற்கும், பெட்டி விளிம்புக்கு மேல் இருக்கும் தண்ணீர் முழுவதும் கீழே வரும். மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பைப்பின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் அந்த வழியாகவும் சைஃபன் எடுத்து இறங்கும். வாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் வையுங்கள், அல்லது நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பைப்பில் ஒரு சின்னத் துளை போடுங்கள். மட்டம் இறங்கியதும் அந்தத் துளை காற்றை இழுத்து சைஃபனை அறுத்துவிடும். ஒருவழி வால்வை மட்டும் நம்ப வேண்டாம், அதன் நாக்கில் பாசியோ மணலோ ஒட்டினால் முழுதாக மூடாது.

நம் 120க்கு 45 தொட்டியில் 3 செ.மீ. மட்டம் இறங்கினால் 16.2 லிட்டர். பெட்டிக்குள்ளும் பைப்புகளுக்குள்ளும் இருப்பது இன்னும் சில லிட்டர். ஆகவே ஓடும்போது சம்பில் குறைந்தது 20, 22 லிட்டர் காலி இடம் இருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கக் கணக்கும் உண்டு. இரண்டு குழாயும் அடைபட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சம்பில் தான் இருக்கும் தடுப்பு அறையின் தண்ணீரை மட்டும்தான் மேலே ஏற்ற முடியும், அதற்கப்புறம் காற்றை இழுக்கும். மோட்டார் அறை 30க்கு 30, தண்ணீர் உயரம் 20 செ.மீ. என்றால் 18 லிட்டர். மேலே நாம் விட்டுவைத்த 4 செ.மீ. இடைவெளி 21.6 லிட்டர் பிடிக்கும். வழியாது. சம்ப் வாங்கும்போதோ செய்யும்போதோ இந்தக் கணக்கைப் பொருத்திவிட்டால், நீங்கள் ஊரில் இல்லாத நாளிலும் தரை நனையாது.

சோதனை

மீன், மணல், செடி எதையும் போடுவதற்கு முன் வெறும் தண்ணீரில் சோதியுங்கள். நிப்பிளின் நட்டைச் சுற்றிக் காய்ந்த டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிட்டு, துளை மூழ்கும் வரை நிரப்பி 24 மணி நேரம் விடுங்கள். பைப்பின் மறுநுனியை மூடிவைத்தால்தான் நிப்பிளில் தண்ணீர் நிற்கும். பேப்பரில் ஈரம் தெரிந்தால் தண்ணீரை இறக்கி, வாஷருக்கு அடியில் மணலோ களிமண்ணோ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும்.

கசிவு இல்லையென்றால் மோட்டாரை ஓடவிடுங்கள். முதலில் கேட் வால்வை முழுதாகத் திறந்துவைத்து, பிறகு சிறிது சிறிதாக மூடிக்கொண்டே வாருங்கள். பெட்டிக்குள் மட்டம் மெல்ல உயரும், சத்தம் அடங்கும். அவசரக் குழாயின் வாய்க்குச் சற்றுக் கீழே மட்டம் நிலைத்ததும் நிறுத்துங்கள். வால்வைத் தொட்ட பிறகு மட்டம் நிலைபெறச் சில நிமிடம் ஆகும். உடனே மறுபடி திருகினால் சரியான இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பீர்கள்.

இனி முதன்மைக் குழாயை உள்ளங்கையால் முழுதாக அடையுங்கள். பெட்டி நிறைந்து, அவசரக் குழாயில் தண்ணீர் சடசடவென்று சத்தத்தோடு இறங்கும். அந்தச் சத்தம் நல்லது. அடைப்பு வந்தால் உங்களை எழுப்புவது அதுதான். சில நிமிடம் அப்படியே வைத்துத் தொட்டியின் மட்டம் விளிம்பைத் தொடாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து மோட்டாரின் ஸ்விட்சை அணையுங்கள். தண்ணீர் இறங்கி முடியும் வரை சம்பைப் பாருங்கள். அது நிற்கும் உயரத்தில் சம்பின் வெளிப்பக்கம் ஒரு கோடு போட்டுவையுங்கள். பின் மோட்டாரைப் போட்டு, யாரும் தொடாமல் சைஃபன் தானாகப் பிடிக்கிறதா என்று கவனியுங்கள். ஓரிரு நிமிடம் அவசரக் குழாயிலும் தண்ணீர் ஓடும், காற்று வெளியேறியதும் முதன்மைக் குழாய் முழு ஓட்டத்தையும் எடுத்துக்கொள்ளும். பிடிக்கவில்லை என்றால் சம்பில் குழாயின் நுனி ஆழமாக இருக்கிறது. கொஞ்சம் அறுத்துக் குறையுங்கள். இந்த அணைத்துப் போடும் சோதனையை நாலைந்து முறை செய்யுங்கள், நடு இரவில் மின்சாரம் போய் வரும்போது நடக்கப்போவது இதுவேதான்.

மீன்களை விட்ட பிறகு, மாதம் ஒரு முறை சீப்புப் பற்களில் பாசியைத் துடைத்து, அவசரக் குழாயின் வாயில் விரல் விட்டு நத்தை ஏதும் குடியேறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கேட் வால்வை அப்போது தொட வேண்டாம். பெட்டிக்குள் மட்டம் வழக்கத்தைவிட உயர்ந்து நின்றால் மட்டும் முதன்மைக் குழாயைக் கழற்றி உள்ளே பிரஷ் விட்டுத் தேய்த்து மாட்டுங்கள்.